எழுபதுக்கு இரண்டு கிலோமீட்டர் குறைவு

சின்ன காஞ்சிபுரம் கார் ஸ்டாண்டில் உமாபதியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: அவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், மைலேஜ் மட்டும் கேட்காதே. இரண்டாயிரத்து ஒன்பதில் சென்னைக்காரர் ஒருவர் ஹைப்ரிட் காரில் கோயிலுக்கு வந்து இறங்கினார். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. ஸ்டாண்டே அதை மொய்த்துக்கொண்டது.

"டவுன்ல நின்னு நின்னு போறப்ப பேட்டரியே இழுத்துக்குதாம்பா. டீசலு நின்ன எடத்துலயே குடிச்சிக்கினு இருக்கும்" என்றான் கதிர்வேல், ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்த டிரைவர்.

"ஹைவேஸ்ல ஏத்து, நாலு பேர வச்சி இழு. அப்ப தெரியும் டீசல் இன்னான்னு" என்றான் இன்னொருவன்.

பேசித் தீரவில்லை. கதிர்வேல் திரும்பி, "நீ சொல்லுண்ணா, எது பெஸ்ட்டு?" என்று கேட்டான். உமாபதி எழுந்துபோய், ஏற்கெனவே துடைத்திருந்த கார்க் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

ஒரு காலத்தில் இந்த மனிதரிடம் மைலேஜ் புராணம் கேட்காமல் தப்பியவர் ஊரில் கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் வீடு. அக்கம்பக்கமெல்லாம் தறி, இவர் மட்டும் ஸ்டியரிங். இருபது வருடம் பெட்ரோல் அம்பாசிடர் ஓட்டிவிட்டு, தொண்ணூற்றேழில் அதே வண்டியில் டீசல் இன்ஜினை மாற்றிப் பொருத்தினார். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் டீசல்தான். தாலி கட்டும் மண்டபத்தில்கூட மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு லிட்டருக்கு எத்தனை என்று ஆரம்பித்துவிடுவார்.

இவருக்கு வாய்த்த எதிராளி தணிகாசலம். பெட்ரோல் அம்பாசிடர்காரர். "லாரி சத்தம் போட்டுக்கினு மாட்டுவண்டி மாதிரி போவுது, அதுக்குப் பேரு காரா?" என்பார். உமாபதி விடுவாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். ஒரு வருடம் மல்லுக்கட்டிய பிறகு ஸ்டாண்டு வழக்கப்படி பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. டேங்கைச் சுத்தமாக வடித்து, ஆளுக்கு ஐந்து லிட்டர் ஊற்றி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டவேண்டும். ஸ்டாண்டிலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி, திரும்ப ஸ்டாண்டு, மறுபடி தென்னேரி. தோற்றவர் ஒரு மாதம் கடைசி சவாரிதான் எடுக்கவேண்டும்.

குறித்தது தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உமாபதியின் மகள் மங்கையர்க்கரசி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள்.

"இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க. ராத்திரியெல்லாம் இடுப்பு வலிக்குதுன்னா" என்றாள் மனைவி லோகாம்பாள்.

"ஏழு மணிக்கு எடுக்கிறேன். ஒம்போதுக்கெல்லாம் வாசல்ல வண்டி நிக்கும். எவனையும் கூப்புடாத, எம்பொண்ண நான்தான் கூட்டிக்கினு போவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாட்சியாக ஸ்டாண்டிலிருந்து சின்னப்பையன் என்ற மூத்த டிரைவர் உமாபதியின் வண்டியில் ஏறிக்கொண்டார். இரண்டு வண்டிகளும் தென்னேரி போய்த் திரும்பி, ஸ்டாண்டைத் தொட்டு, மறுபடி கிளம்பின. ஸ்டாண்டைத் தாண்டி இரண்டாவது கிலோமீட்டரில் பின்னால் தணிகாசலத்தின் வண்டி திக்கித் திணறி நின்றது. மொத்தம் நாற்பத்தாறு கிலோமீட்டர். கண்ணாடியில் பார்த்தபோது அவர் கீழே இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஜெயிச்சிட்ட உமாபதி. திருப்பு, வூட்டாண்ட போலாம்" என்றார் சின்னப்பையன்.

வீடு பத்து நிமிடத் தொலைவு. மணி எட்டரைகூட ஆகவில்லை. ஆனால் ஜெயித்தது போதவில்லை அவருக்கு. "இருபா, எழுவது ஆவட்டும். நாளைக்கு எவனும் வாயே தொறக்கக் கூடாது" என்று மிதித்தார்.

தென்னேரியில் திரும்பி ஏரிக்கரையில் வரும்போது வண்டி நின்றது. அறுபத்தெட்டு. டிக்கியிலிருந்த கேனை எடுத்து டீசலை ஊற்றி, சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். பெட்ரோல் வண்டி அப்படித்தான், ஊற்றினால் கிளம்பும். டீசல் கிளம்பாது. டேங்க் காய்ந்தால் பைப்பில் காற்று ஏறிக்கொள்ளும், அதை வெளியேற்றினால்தான் இன்ஜின் பிடிக்கும். மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருபது வருடம் பெட்ரோல் ஓட்டிய கை அதை நினைக்கவில்லை. திருப்பித் திருப்பி செல்ஃப் எடுத்து பேட்டரியையும் தீர்த்துவிட்டார். புத்தி வந்தபோது பானட்டைத் திறந்து, நட்டுகளைத் தளர்த்தி, கையால் பம்பை அடித்துக் காற்றை விரட்டினார். பேட்டரி தீர்ந்ததால் தள்ளித்தான் கிளப்பவேண்டும். ஆட்கள் கிடைத்துத் தள்ளும்போது மணி பதினொன்று.

வீட்டில் ஒன்பதுக்கே வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவரவா என்றதற்கு, "தோ வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டாள் லோகாம்பாள். தெருவின் தறிச்சத்தத்தை மீறி அந்த லாரி சத்தம் கேட்கிறதா என்று வாசலில் நின்று காது கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, புருஷன் சொன்ன சொல்லை நம்பினாள். பத்தேகாலுக்கு மகள் கத்திய கத்தலில்தான் ஸ்டாண்டுக்கு ஆள் ஓடியது. தணிகாசலம் எப்போதோ கேன் பெட்ரோலை ஊற்றி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தாய் பிழைத்தாள். பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றாள் நர்ஸ், லோகாம்பாளிடம். டீசல் கறை படிந்த கையோடு வந்து நின்ற உமாபதியின் காதிலும் அது விழுந்தது.

ஸ்டாண்டில் பந்தயத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தணிகாசலம் தானாகப் போய் வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்தினார். "வேணாம் தணிகாசலம், என்ன சாவடிக்காத" என்று உமாபதி அழுதே கேட்டும் ஒரு மாதமும் அப்படித்தான் நிறுத்தினார். பெரிய மனசுதான். அந்த மனசு உமாபதியைத் தினமும் அறுத்தது.

ஆறாம் நாள் மகளை வீட்டுக்குக் கூட்டிவர அதே வண்டியைத்தான் கொண்டுபோனார். வேறு வண்டி கேட்க வாய் வரவில்லை. மகள் ஏறி, பின்சீட்டில் அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டாள். பாதி வழியில் கேட்டாள்.

"வண்டி எத்தினி குடுத்துச்சுப்பா?"

ஊருக்கெல்லாம் சொல்லத் துடித்த எண் அது. "அறுவத்தெட்டும்மா."

"தணிகாசலம் மாமா வண்டி?"

"நாப்பத்தாறு."

மகளின் குரலில் கோபம் இல்லை. சின்ன வயதில் கணக்கில் சந்தேகம் கேட்பாளே, அதே குரல்தான்.

"அப்ப அங்கயே ஜெயிச்சிட்டியேப்பா. திரும்பி வந்திருக்கலாமே?"