அக்கா கேட்ட கடைசிப் பாட்டு

சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, தன் சின்ன எம்பி3 பிளேயரின் இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டுவார் அக்கா. எப்போதும் என் இடப்பக்கமாகத்தான் வந்து உட்காருவார். அங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் நகரச் சொல்வார். இடது காதுக்கானது எனக்கு, வலது காதுக்கானது அவருக்கு. "முதல்ல பிடிக்காதுடா. பொறுமையா கேளு, நடுவுல ஒரு இடம் வரும்" என்பார். அந்த இடம் வரும்போது பாட்டைக் கேட்காமல் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ எங்கோ தன் படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்த பாட்டாக இருக்கும் அது. எந்தக் கடையிலும் கிடைக்காது, எந்த ரேடியோவிலும் வராது. என் முகம் மாறிவிட்டால் அன்று முழுக்க அக்காவுக்குச் சந்தோஷம்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, எழுத்தாகத் தட்டி அனுப்புவது வேலை. நாங்கள் தட்டியதை மறுபடி கேட்டுத் திருத்துகிற இடத்தில் இருந்தார் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சேலையூரில் அம்மாவோடு இருந்தார். வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருடைய வலைப்பூவுக்கு. அதில் மூன்று விஷயங்கள்தான் வரும்: தனக்குப் பிடித்த ஒரு பாட்டு, பழைய பொருள் ஏதாவது ஒன்று, தெரிந்தவர்கள் யாராவது செய்த ஒரு வேலை. பழைய புடவைகளில் பை தைக்கும் பக்கத்து வீட்டுக்காரர், மின்சார ரயிலில் தூங்கி வழிகிறவர்களைப் படமாக வரைந்த சக ஊழியர் என்று எல்லாரும் அதில் இடம் பிடித்தார்கள். தாங்கள் செய்தது இவ்வளவு நல்ல விஷயமா என்று அவர்களுக்கே அதைப் படித்த பிறகுதான் தெரியும். குறை சொல்லி ஒரு வரி எழுத மாட்டார். "பிடிக்காததைப் பத்தி எழுத ஊர்ல ஆளா இல்ல? பிடிச்சதைச் சொல்லவே எனக்கு நேரம் பத்தல" என்பார்.

பழைய பொருளுக்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவோம். மதிய ஷிப்ட் என்பதால் காலையில் சுற்ற முடிந்தது. நசுங்கிய டிரங்குப் பெட்டிகள், டயல் சுற்றும் கறுப்பு டெலிபோன்கள், உடைந்த ரேடியோக்கள் இவற்றுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்துப் பார்ப்பார். ஒருமுறை ஒரு கேமராவை எடுத்தார். "இன்னாக்கா, இத்த எடுத்துகினு போய் இன்னா பண்ணப் போற? சுத்தமா ரிப்பேரா கீது" என்று வியாபாரியே சிரித்தார். "உள்ள ஃபிலிம் இருக்குண்ணா, அது போதும்" என்றார் அக்கா. அந்த ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது பாதிக்கு மேல் கறுத்துப்போன ஒரே ஒரு படம் தேறியது. வண்டலூர் பூங்காவில் ஏதோ ஒரு கூண்டின் முன்னால் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. அதை வலைப்பூவில் போட்டு, இந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

பொத்தேரியில் கல்லூரி நாட்களில் என் அறைத்தோழனாக இருந்தவனை அக்காவிடம் அழைத்துப்போனது நான்தான். கடலோரக் குப்பத்துக்காரன். அப்பா கடலுக்குப் போக, அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்திருந்தார். இரவல் கிடாரில் தானே பாட்டுக் கட்டிப் பாடுவான், எங்கள் அறைக்கு வெளியே யாருக்கும் பாடிக்காட்டக் கூச்சப்படுவான். அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன் அம்மாவைப் பற்றிய பாட்டைத் தரையைப் பார்த்தபடியே பாடினான்.

"கூடைக்கு எடமில்லன்னு கண்டக்டரு சொல்றாரு,
கடலு மட்டும் எறங்காம கூடவே வந்துகினு கீது."

அக்கா எழுந்துபோய் மெத்தையை உருட்டி வந்து ஜன்னலில் சாய்த்து வைத்தார். பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானச் சத்தம் உள்ளே வராமலிருக்க. "இன்னைக்கே ரெக்கார்ட் பண்ணிடலாம், நாளைக்கு உனக்கு இந்த தைரியம் இருக்காது" என்றார். அந்தப் பாட்டு வலைப்பூவில் வந்ததும், அதுவரை நாலைந்து பேர் எட்டிப் பார்த்த இடத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நகரத்தில் ஒரு சின்ன அரங்கில் பாடக் கூப்பிட்டார்கள். அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, மகன் தன்னைப் பற்றிப் பாடுகிறான் என்பதையே நம்ப முடியாமல், பக்கத்தில் இருந்த அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பாட்டைப் பதிவு செய்யச் சில மாதங்கள் கழித்து மறுபடி அதே கூடத்தில் கூடினோம். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடாரின் கடைசி மெல்லிய கம்பி சுருதி விலகியிருந்தது. ஒவ்வொரு முறை அதைத் தொட்டபோதும் எனக்கே பல் கூசியது. பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று நானும் அவனும் காத்திருந்தோம். அக்கா முடியும்வரை தலையசைத்துக் கேட்டுவிட்டு, "சூப்பரா வந்திருக்கு" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அதை அக்கா பார்த்துவிட்டார்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன்.

"உன்னைக் கேக்கல. நீ சொல்லுடா" என்று என் பக்கம் திரும்பினார்.

"கம்பி சுருதி சேரலக்கா. முழுப் பாட்டும் அப்படித்தான் வந்திருக்கு" என்றேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த அக்காவின் அம்மா உள்ளே போய்விட்டார். இடது காது போய் ரொம்ப நாளாகிறது என்று அக்கா சொன்னார். காதுக்குள்ளிருக்கும் சின்ன எலும்பு இறுகிப்போகிற நோய், அம்மாவுக்கும் கொஞ்சம் உண்டு. அறுவை செய்யப்போய், இருந்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பயத்தில் வலது காதில் கை வைக்கவே விடவில்லை. "இந்தக் காதாவது நிக்கும்னு நெனச்சேன். கீச்சுன்னு மேல இருக்கிற சத்தமெல்லாம் போயிட்டு இருக்கு போல. மழைத் தூறல் கேக்கல, குருவி கேக்கல. கிடார் கேக்குதேன்னு தைரியமா இருந்தேன்" என்றார். ஏன் என் இடப்பக்கமாகவே வந்து உட்கார்ந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அலுவலகத்திலும் அது தெரியவர அதிக நாளாகவில்லை. மருந்தளவில் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் ஆங்கிலத்தில் ஓசை வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் அக்காவுக்குக் கேட்கவில்லை. நல்லவேளையாக மேலே இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார். யாரும் போகச் சொல்வதற்கு முன்னால் அக்காவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். காதுக் கருவி வாங்கி மாட்டியபோது பேச்சு ஓரளவு புரிந்தது. பாட்டு மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருக்கிறது என்றார்.

வலைப்பூ நின்றுபோகக் கூடாது என்று எனக்கு ஒரு யோசனை. புதுப் பாட்டுகளை நான் கேட்டு, எப்படித் தொடங்குகிறது, குரல் எப்படி, எந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது என்று எழுதிக் காட்டினேன். அதை வைத்து ஒரு பதிவு எழுதினார். வாசித்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் காலை பார்த்தால் அந்தப் பதிவைக் காணோம். "நான் கேக்காததை நல்லா இருக்குன்னு நான் எப்படிடா சொல்றது? அப்புறம் முன்னாடி சொன்னதுக்கும் மதிப்பில்லாமப் போயிடும்" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிறகு பழைய பொருட்களைப் பற்றி மட்டும் எழுதினார். தோழன் அந்தப் பழைய பாட்டைச் சேர்க்காமல் தன் புதுப் பாட்டுகளை மட்டும் குறுந்தகடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தபோது அதன் அட்டையைப் பற்றி, அச்சைப் பற்றி, அவன் அம்மாவின் புகைப்படத்தைப் பற்றி எழுதி, "பாட்டைக் கேட்டவர்கள் கீழே சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார். அவனுக்கு அதில் வருத்தம். அக்கா ஒரு வார்த்தை நல்லா இருக்கு என்று சொன்னால் போதும் என்றிருந்தான். அந்தத் தகடும் எடுபடவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, வளைகுடாவில் ஒரு வேலைக்குப் போய்விட்டான்.

அதன்பின் வலைப்பூவும் ஓய்ந்தது. பாட்டுகளை ஏற்றிவைத்திருந்த இணையதளம் மூடப்பட்டபோது எங்கள் பாட்டும் அதோடு போயிற்று. அக்காவின் கணினியும் பழுதாகிப் போயிருந்தது.

அம்மா காலமான பிறகு அக்கா கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறிவிட்டார். போன மாதம் போயிருந்தேன். இப்போது வலது காதும் இல்லை. நான் கைபேசியில் தட்டிக் காட்ட, அவர் பதில் சொன்னார். குரல் ஒரு நேரம் ஏறியும் ஒரு நேரம் இறங்கியும் வந்தது. காதுக்குள் எந்நேரமும் இரைச்சல் ஓடுகிறதாம். "ஆனா அவன் அம்மா பாட்டு இருக்குடா. நான் முழுசா கேட்ட கடைசிப் பாட்டு அது. தினமும் உள்ள ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துக்கறேன். கொஞ்ச நாளா ரெண்டாவது பாதி வரமாட்டேங்குது. உனக்கு வருதா?" என்றார்.

எனக்கும் முதல் வரிகளுக்கு மேல் வரவில்லை. அங்கிருந்தே தோழனை அழைத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. "எந்தப் பாட்டு மச்சான்?" என்றான். வரிகளைச் சொன்னேன். "அத்தெல்லாம் மறந்து போச்சு மச்சான். அக்காவ கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அவன் சொன்னதை அப்படியே தட்டிக் காட்டினேன். அக்கா படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு, இருக்கிற பாதியையாவது நான் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் பாடத் தொடங்கினார். ஜன்னல்கள் திறந்திருந்தன. குரல் உரக்க, கரகரவென்று, எங்கெங்கோ அலைந்தது. கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று மேலே பார்த்தார்கள். முடித்துவிட்டு, "சரியா வந்துதா? நிஜத்தைச் சொல்லு" என்றார்.

மெட்டு நழுவுகிறது என்று தட்டிக் காட்டினேன். "எங்க?" என்றார். கூடை வருகிற இடத்தில் என்று காட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி முதலிலிருந்து பாடினார். அதுவும் சரியாக வரவில்லை.