தெரிந்தவர்கள் எழுதாத நோட்டு

சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு நோட்டு. ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்தது அந்த நோட்டும் நானும்தான். கம்ப்யூட்டர் மேல் பழி போட எனக்கு மனமில்லை. அது சரியாகத்தான் சொன்னது.

வருகிறவர்கள் பெயர், ஊர், வந்த மணி, போன மணி, உட்கார்ந்த கம்ப்யூட்டர் எண் எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாய் உத்தரவு. முதலாளிக்குக் கீழே ஆஃப்செட் அச்சகம், மாடியில் இந்தக் கடை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

"தெரிஞ்சவுகள எழுதச் சொல்லாதம்மா. நோட்ட நீட்டினா நம்ம அவுகளச் சந்தேகப்படுற மாதிரி இருக்கும்."

எங்கள் ஊரில் இது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். தெரிந்த ஆளிடம் கையெழுத்துக் கேட்டால் அவர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார். ஆகவே அச்சக முதலாளிகளின் பிள்ளைகள், பட்டாசு ஆபீஸ் கணக்கர்களின் பிள்ளைகள், மணிக்கணக்காக உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்தவர்கள் எவர் பெயரும் நோட்டில் கிடையாது. டவுன் பஸ்ஸில் வந்து பத்து நிமிடம் பயந்து பயந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் பெயரெல்லாம் இருந்தது. பஸ் ஏறி வந்தவர்களின் பட்டியல் அது. நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

அந்தப் பையனும் பஸ்ஸில் வந்தவன்தான். வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அம்மாவுக்குப் பட்டாசு ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை. அப்பா இல்லை. கான்ஸ்டபிள் தேர்வு எழுதிவிட்டு முடிவு வந்துவிட்டதா என்று அடிக்கடி வந்து பார்ப்பான். நோட்டில் அவன் எழுத்துத்தான் அழகாக இருக்கும். கேட்காமலேயே அப்பா பெயரையும் சேர்த்து எழுதுவான்.

எழுத்துத் தேர்வில் பாஸாகி, கண்மாய்க் கரையில் ஓடி ஓடி உடல் தகுதியிலும் தேறி, கடைசிப் பட்டியலில் அவன் எண் வந்த அன்று நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பேப்பரை மடிக்காமல் கையில் வைத்தபடியே நின்றான்.

"இன்னும் என்னப்பா பாக்கி?"

"பேர்ல கேஸ் எதுவும் இல்லன்னு ஸ்டேஷன்லருந்து ஒரு பேப்பர் போகணும்க்கா. அம்புட்டுதான். வேலையில சேர்ந்த மொத மாசமே அம்மாவ மருந்து ரூமுக்குப் போகவிடாம நிப்பாட்டிருவேன்."

அவனுக்கு அந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. இதை மறக்க வேண்டாம். நான் மறந்ததில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பே வேறொரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், கல்யாணம் ஆகாதவர். யாரோ அவர் படத்தையும் போன் நம்பரையும் போட்டு, நட்பு தேடுகிற ஒரு இணையதளத்தில் அவர் பெயரில் பக்கம் தொடங்கிக் கண்டபடி எழுதி வைத்துவிட்டார்கள். ராப்பகலாகப் போன் அடித்தது. டீச்சர் தன் அப்பாவோடு போய் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். அங்கே இன்டர்நெட் கிடையாது. எஸ்.ஐ. எங்கள் கடைக்கு வந்தார். அந்த இணையதளக் கம்பெனிக்கு அவர் சார்பில் இங்கிலீஷில் கடிதம் அடித்து அனுப்பியது நான்.

முதல் கடிதத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கேவலமான பக்கத்தைப் போட்டவன் யார் என்று உடனே தெரிவிக்கவும், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து மிகப் பணிவாகப் பதில் வந்தது. அரசாங்க முத்திரை உள்ள லெட்டர்பேடில் எழுதுங்கள், வழக்கு எண் போடுங்கள், எந்தப் பக்கம் என்று முழு முகவரி கொடுங்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேண்டும் என்று சொல்லுங்கள்.

"போலீஸ் கேக்குறேன், என்ட்டயே பேப்பர் கேக்குறான் பாரும்மா," என்றார் எஸ்.ஐ. அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

இரண்டாவது கடிதம் போவதற்குள் அந்தப் பக்கத்தை டீச்சரின் சொந்தக்காரர்களே புகார் செய்து எடுக்க வைத்திருந்தார்கள். பக்கம் இப்போது இல்லை, எங்களிடம் மிச்சம் இருக்கிற விவரத்தைத் தரலாம், ஆனால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்று பதில். மூன்றாவதாக மதுரை வரை போய்க் கையெழுத்து வாங்கி வந்து ஸ்கேன் செய்து அனுப்பினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தவளைப் போலீஸே தேடி வருகிறதே என்ற கர்வம்.

பதில் வந்தது, ஒரே ஒரு பக்கம். பதிவு செய்த பெயர், அது பொய்ப் பெயர். ஒரு மெயில் முகவரி. பக்கத்தைத் தொடங்கியவன் பயன்படுத்திய இணைப்பின் எண். தேதி. நேரம் 11:20. எஸ்.ஐ. எதிரே பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"காலை பதினொன்னு இருபது சார்."

காலை என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. நான் சேர்த்தது. வெறுமனே பதினொன்று இருபது என்று நம் வாயில் வராது, முன்னால் ஒரு காலையோ இரவோ வந்து ஒட்டிக்கொள்ளும். எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். மொழிபெயர்த்தவர் என்று கீழே என் கையெழுத்தையும் வாங்கினார். வளைத்து வளைத்துப் போட்டேன்.

மறுநாள் டெலிபோன் ஆபீஸில் விசாரித்துவிட்டு நேராக எங்கள் கடைக்கே வந்தார். அந்த எண் எங்களுடையது. அச்சக வேலைக்காக முதலாளி எண் மாறாத இணைப்பு வாங்கியிருந்தார். நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். அந்தத் தேதியில் காலை பதினொன்று இருபதுக்கு இரண்டு பெயர். ஒன்று கல்லூரிப் பெண். பொம்பளப் பிள்ளை இதைச் செய்யாது என்று அவளை விட்டுவிட்டார். இன்னொரு பெயர் அழகான கையெழுத்தில், அப்பா பெயரோடு இருந்தது.

அன்று மதியமே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்கள்.

"இவன்தானாம்மா?"

"அன்னைக்கு இங்க உக்காந்திருந்தது இவர்தான் சார்."

"அக்கா, நான் ரிசல்ட்டு பாக்கத்தானக்கா வந்தேன். சொல்லுங்கக்கா."

"ஸ்கிரீன நான் பாக்கல சார்," என்றேன்.

இரண்டும் உண்மை. உண்மையை மட்டுமே சொல்லி ஒருவனை முடித்துவிடலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வழக்கில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு இன்னொரு பிரதி கேட்டார்கள் என்று அந்தப் பதிலை மறுபடி திறந்தேன். பிரிண்டர் அடியிலிருந்து தாள் வெளியே வரும்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. பொடி எழுத்து. நேரங்கள் அனைத்தும் ஜி.எம்.டி. கணக்கில் என்று இருந்தது. அது லண்டன் நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பதினொன்று இருபதோடு ஐந்தரையைக் கூட்டினால் மாலை நான்கு ஐம்பது.

நோட்டைத்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களே. ஆனாலும் அதில் அந்தத் தேதிப் பக்கம் எனக்கு மனப்பாடம். நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு பெயரும் இல்லை. அந்த நேரத்தில் தினமும் முதலாளியின் தங்கை மகன் வருவான், கடைசிக் கம்ப்யூட்டரில் உட்காருவான். ஐந்தாறு சிநேகிதர்கள் இருந்தால் கடையையே வளைத்துக்கொள்வான். டீச்சரிடம் படித்தவன். மாதிரித் தேர்வில் பிட் அடித்துப் பிடிபட்டு, டீச்சர் அவனைத் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தியதை அவனே என்னிடம் திட்டித் திட்டிச் சொல்லியிருக்கிறான். இணையதளப் பக்கத்தில் இருந்த டீச்சர் படமும் பள்ளி ஆண்டு மலருக்காக எங்கள் அச்சகத்துக்கு வந்த படம். மலர் அப்போது வெளியாகக்கூட இல்லை. படத்தைக் கீழே அச்சகத்துக் கம்ப்யூட்டரில் நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

காலையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டீ சொல்லி அனுப்பினார்.

"கடுதாசிய வாசிச்சது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"அப்ப போலீச ஏமாத்தினதும் நீதான். போய்ச் சொல்லு, வேண்டாங்கல. உன்னையும் சேத்து எழுதுவாக. உனக்கு மாப்பிள்ளை பாக்குறாகன்னு கேள்விப்பட்டேனே."

டீ வந்தது. குடித்தேன். அந்த டீயை நான் குடித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

முழுக்க வாய் மூடவும் இல்லை. நான்காம் நாள் எஸ்.ஐ. வேறு வேலையாக வந்தபோது, "சார், அந்த நேரத்துல ஒரு சந்தேகம் இருக்கு," என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் ஆளைப் பிடித்த நிம்மதியில் இருந்தார். "சந்தேகம்னா கம்பெனிக்கே என் பேர்ல ஒரு மெயில் அடிச்சு அனுப்பிரும்மா," என்றார். அடித்தேன். நீங்கள் கொடுத்த நேரம் எந்த நாட்டு நேரம், தயவுசெய்து தெளிவுபடுத்தவும் என்று நான்கே வரி. பதில் என்ன வரும் என்று தெரிந்தே எழுதிய கடிதம். அதை அனுப்பாத மெயில்களின் வரிசையில் போட்டு வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. எஸ்.ஐ. அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, கேட்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டிப் பளபளத்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்.

"ஏ தாயி, இந்த நோட்டுலதான் எம்மகன் பேரு இருக்காம்ல. அத அழிச்சிரு தாயி. பேரு இருந்தா வேலைக்குப் போக முடியாதாம்."

"நோட்டு இங்க இல்லம்மா. ஸ்டேஷன்ல இருக்கு."

"அவன் எழுதலன்னு நீ சொல்லிருவியா?"

"அது அவர் எழுத்தும்மா."

"ஆமா," என்றார். "எழுத்து நல்லா இருக்கும்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வந்தது. வந்த பெருமையை மறைக்கத் தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். எதிரே அனுப்பாத கடிதம் இருந்த கம்ப்யூட்டர். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

பதினைந்து நாளில் ஜாமீன் கிடைத்தது. கான்ஸ்டபிள் வேலைக்கு, வழக்கு இருக்கிறது என்ற பேப்பர்தான் ஸ்டேஷனிலிருந்து போனது. இரண்டு வருடம் இழுத்து, நிரூபிக்கவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. டீச்சர் அதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவன்தான் செய்தான் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பார். முதலாளியின் தங்கை மகன் இன்ஜினியரிங் சேர்ந்தான். எனக்கு மாப்பிள்ளை அமைந்தது, ஊரிலேயே. அதனால் வேலையை விடவில்லை.

வழக்கு முடிந்த பிறகு வந்த தீபாவளிக்கு முந்தின சீசனில் ஒரு மதியம் அவன் கடைக்கு வந்தான். உடம்பு தடித்திருந்தது. பட்டாசு ஆபீஸில் லோடு ஏற்றுகிறானாம். ஒரு மனு அடிக்க வேண்டும் என்றான். நோட்டை எடுக்கப் போனான்.

"நீ எழுத வேண்டாம்பா," என்றேன். "தெரிஞ்ச ஆளுதான."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினான். பெயர், ஊர், மணி. இப்போது அப்பா பெயர் இல்லை. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

மனு கலெக்டருக்கு. மருந்து ரூமில் தீப்பிடித்து அவன் அம்மாவுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. உதவித்தொகை கேட்டு மனு. கையெழுத்துப் போடவோ ரேகை வைக்கவோ முடியாத நிலையில் இருப்பதால் மகனாகிய நான் கையொப்பமிடுகிறேன் என்று ஒரு வரி வேண்டும் என்றான். அடித்தேன். எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. விபத்து நடந்த தேதி சொன்னான். நேரம் கேட்டேன்.

"பதினொன்றரை."

என் விரல் தானாக அடித்துவிட்டது. அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனைப் படித்துக்கொண்டிருந்தான்.

"காலைன்னு நான் சொல்லலையேக்கா."

நான் திரும்பவில்லை.

"நான் கேஸ் பேப்பர் பூராம் வாசிச்சேன். வக்கீல் குடுத்தாரு. கம்பெனிக்காரன் கடுதாசியும் இருந்துச்சு, கீழ உங்க கையெழுத்தும் இருந்துச்சு." குரலில் கோபமே இல்லை. "நீங்களா எதையும் சேக்காதீக. நான் சொல்றத மட்டும் அடிங்க."

அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அவன் அழித்து முடிகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப காலைன்னு போடுங்க," என்றான்.