மூணு தடவை பொற்கொடி

எங்கள் ஊரில் பொற்கொடியை யாரும் வெறும் பொற்கொடி என்று சொல்வதில்லை. மூணு தடவை பொற்கொடி என்றால்தான் தெரியும். எதையும் மூன்று முறை கேட்பாள், மூன்று முறை பார்ப்பாள். வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். கணக்குப் பார்த்தால் அது நாலு. அதை யார் அவளிடம் சொல்வது?

நான் சொர்ணம். திருவரங்குளத்துப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேலே என்று ஊரே சொல்லும்; சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டாம் வகுப்பில் படித்த பொற்கொடி தட்டை நீட்டிக்கொண்டு நிற்பது இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. "டீச்சர், முட்டை எல்லாருக்கும் வருமா?" வரும்டி. "கடைசி வரிசைக்கும் வருமா?" வரும், நகரு. "நெசமா வருமா டீச்சர்?" எரிச்சலில் கரண்டியை ஓங்குவேன். ஒருநாள் அவள் கேட்டாளே என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு முட்டை குறைந்தது. அவள் கேட்டது சரிதான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையெல்லாம் எனக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவள் புதுக்கோட்டையில் வேதியியல் படித்தாள். பரீட்சைத் தாளில் நம்பரை ஒழுங்காக எழுதினோமா என்ற பயத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லூரிக்குத் திரும்பி ஓடியிருக்கிறாள். கல்யாணமாயிற்று, பிள்ளை ஒன்று பிறந்தது; புருஷன் கண்ணன் துபாயில் டிரைவர். ஜவுளிக் கடையில் கொஞ்ச நாள் நின்றாள். ஒரு சேலையை மடித்து மூன்று முறை சரிபார்த்தால் எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? கடைசியில் படித்த கல்லூரியிலேயே ஓர் ஆராய்ச்சிக்கு ஊர் ஊராகப் போய்வர ஆள் எடுத்தார்கள். இவள் புத்திக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்று இருந்தது, அது இவளுக்கே கிடைத்தது.

ஆராய்ச்சி பலாவைப் பற்றியது. பேராசிரியர் இன்னாசியம்மாள் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டினார். பலா மடலைக் கரியாக்கிச் சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கிறார்களாம். மடலை எரித்த சாம்பலைப் போட்டால் பழைய எண்ணெய் சீக்கிரம் டீசலாக மாறுகிறதாம். நாங்கள் மாட்டுக்குத் தூக்கிப் போட்டதற்கெல்லாம் இத்தனை மரியாதை! அதோடு, பழுக்காத பலாக்காயைக் காயவைத்து அரைத்த மாவு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும், சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதம் ஒத்துழைக்க வேண்டும் என்றார்.

முதல் ஆளாகக் கை தூக்கியவள் நான். என் வீட்டுக்காரர் சோலையப்பனையும் தூக்க வைத்தேன். இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டு எண் இருபத்தேழு என்று அட்டை கொடுத்தார்கள். அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பொற்கொடி வீட்டுக்கே வந்து காரணம் சொன்னாள். "மாமாவுக்குக் கிட்னி வேல்யூ கூட இருக்கு டீச்சர். பலாவுல பொட்டாசியம் சாஸ்தி. கிட்னி நல்லா இருந்தா வெளிய தள்ளிரும். இல்லாட்டி ரத்தத்துலயே தங்கி நெஞ்சைப் பிடிச்சுரும். ஒங்க மாவுல ஒரு கரண்டிகூட அவுகளுக்குப் போயிரக் கூடாது. போகாதுல்ல?"

"போகாது."

"போகாதுல்ல டீச்சர்?"

"ஏண்டி, எழுதி ஒட்டவா?"

"நெசமா போகாதுல்ல? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

போகாது என்று மூன்றாவது முறையும் சொன்னேன். அவரும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொன்றும் சொன்னாள். பாதிப் பேருக்குப் பலா மாவு, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் சாதா மாவு. எந்த எண்ணுக்கு எது என்பது கல்லூரி பீரோவில் ஒட்டி வைத்த கவர்களுக்குள் இருக்கிறது, அவளுக்கே தெரியாது. "தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும் டீச்சர், அதான்." நான் என் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தேன். பலா வாசம் கமகமவென்று வந்தது. ஆசை வந்துவிட்டால் சாணியிலும் சந்தன வாசம் வரும்.

இப்போது என் புத்தி போன போக்கைச் சொல்லிவிடுகிறேன். நோய் குறைவாக உள்ளவளுக்கு மருந்து, நோய் கூட உள்ள மனுஷனுக்கு இல்லை, இது என்ன நியாயம்? முப்பத்தொரு வருடம் பந்தி போட்டவள் நான். மெலிந்த பிள்ளைக்குத்தான் ஒரு கரண்டி கூடப் போடுவேன். இவர்கள் மெலிந்தவனை வரிசையிலிருந்தே எழுப்பிவிடுகிறார்களே என்று ஆத்திரம் வந்தது. பலா விளையும் பூமியில் பலா தின்று செத்தவன் எவன்? பொற்கொடிதான் பயந்தாங்கொள்ளியாயிற்றே!

மறுநாள் காலையிலிருந்து என் பங்கு மூன்று கரண்டி மாவை அவர் இட்லி மாவில் கலந்தேன். அவரிடம் சொல்லவில்லை. காலிப் பொட்டலங்களை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பொற்கொடி ஸ்கூட்டியில் வருவாள், பொட்டலங்களை மூன்று முறை எண்ணுவாள், என் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த முறை இருநூற்றிருபது. "கூடிருக்கே டீச்சர், மாவு ஒழுங்காச் சேர்க்குறீங்களா?" என்பாள். சேர்க்கிறேன் என்பேன். யாருக்குச் சேர்க்கிறேன் என்று அவள் கேட்கவில்லையே.

மூன்றாவது முறை அவள் வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். இவர் அப்போதுதான் நடை போய் வந்து உட்கார்ந்திருந்தார். பொற்கொடியைப் பார்த்து "வாத்தா" என்று எழப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் முறை கையை ஊன்றினார். கால் இரண்டும் அவருடையதே இல்லை என்பதுபோல் கிடந்தன.

"மரத்துப் போயிருக்கும்" என்றேன் நான்.

பொற்கொடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்றாம் முறை எண்ணும்போது அவள் உதடு வெளுத்துவிட்டது. "நாப்பதுதான் டீச்சர் ஓடுது. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புதுக்கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் அவர் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. மாரியாத்தா, அந்த மூன்று கரண்டியை ஒருநாள்கூடப் போடாதது மாதிரி ஆக்கிவிடு என்று வேண்டினேன். ஆத்தாளால் ஆகிற காரியமா அது?

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்த வேகத்தில் நரம்பில் ஊசி போடச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "பொட்டாசியம் ஏழைத் தாண்டிருச்சும்மா. எப்ப வேணா இதயம் நிக்கலாம். இறக்குறதுக்கு மருந்து போட்டிருக்கோம். ஆனா உள்ள என்ன போச்சுன்னு தெரியணும், இல்லாட்டி இறக்க இறக்க ஏறும். புதுசா என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணுமில்லங்க. வீட்டுச் சாப்பாடுதான்."

சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் பொற்கொடி நின்றாள். என்னால் அவள் வேலை போகும், ஊர் சிரிக்கும், பேராசிரியர் என்ன நினைப்பார் என்றெல்லாம் எண்ணினேன். உள்ளே கட்டிலில் கிடக்கிறவரைக் கடைசியாகத்தான் எண்ணினேன். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பொற்கொடி என் கையைப் பிடித்தாள். "டீச்சர், மாவு போச்சா?" ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அது என்னைக் கொன்றது.

"போச்சுடி. தெனமும் போச்சு. என் பங்கு முழுசும் அவருக்குத்தான் போச்சு." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டாள். "மேடம், இருபத்தேழாம் நம்பர் கவரைப் பிரிக்கணும்." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ தெரியாது. "தெரியும் மேடம், பிரிச்சா அந்த நம்பர் கணக்குல வராது. பரவால்ல மேடம். இது பலாவா இல்லையான்னு டாக்டருக்குத் தெரியணும்" என்றாள். பீரோ சாவி உள்ள ஆள் டீக்குப் போயிருந்தாராம். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் நடந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் பெட்டி பீப் என்று அடிக்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி அடிக்கும். நிற்கிற ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

"மேடம் நல்லாப் பாருங்க. இருபத்தேழுதானா? கவர் மேல இருபத்தேழா? உள்ள இருக்க காகிதத்துலயும் இருபத்தேழா?" மூன்றும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். "சாதா மாவு டீச்சர். கோதுமையும் அரிசியும். ஒங்களுக்கு வந்தது பலாவே இல்ல."

ஐயோ, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா! எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். நான் பாவம் செய்யவில்லை, என் கையால் எதுவும் போகவில்லை என்று சத்தம் போட்டு அழுதேன். நர்ஸ் வந்து அதட்டினாள்.

பொற்கொடி முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்ப ஏழு எப்படி வந்துச்சு?" என்றாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் கண் பாதி திறந்திருந்தது.

"மாமா, இட்லி, சோறு தவிர வேற என்ன சாப்பிட்டீங்க?"

அவர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

"மாமா, வெளிய எங்கயாச்சும் ஏதாச்சும்?"

"இல்லாத்தா."

பெண்ணே, விடு, அவரைப் பேச வைக்காதே என்று நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. குனிந்து அவர் காதருகே போனாள். "நெசமா ஒண்ணுமில்லையா மாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இளநி" என்றார்.

தினமும் நடை போகிற சாக்கில் பஸ் ஸ்டாப்பில் இரண்டு இளநீர். ஒரு மாதத்துக்கு மேலாக. அன்று காலையும் இரண்டு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிட்னி கெட்டவங்களுக்கு இளநீர் ஆகவே ஆகாதுய்யா. பொட்டாசியம் அதுலதான் கொட்டிக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே நர்ஸிடம் அடுத்த மருந்துக்குச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். "அடப்பாவி மனுஷா, யாரு ஒன்ன இளநி குடிக்கச் சொன்னது? எனக்குத் தெரியாம என்ன களவுத் தீனி?" என்று கத்தினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ இட்லியில மாவு கலக்குறது மொத நாளே தெரியும் சொர்ணம். அது கிட்னிக்கு ஆகாதுன்னு இந்தப் புள்ள சொல்லுச்சுல்ல. ஆசையாப் போடுற, வேணாம்னு சொன்னா நீ மொகம் வாடிப் போவ. இளநி கிட்னியக் கழுவிரும்னு போன் வீடியோவுல ஒருத்தன் சொன்னான். அதுக்கு இது மாத்தா இருக்கட்டும்னுதான் குடிச்சேன்."

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பொட்டாசியம் ஆறுக்குக் கீழே இறங்கியது. முழுசாகத் தப்பினார் என்று இன்னும் சொல்ல முடியாது, இரண்டு நாள் பார்க்க வேண்டும், டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் பொற்கொடி தன் நோட்டைத் திறந்து, இருபத்தேழின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்டி. வீட்டுக்குப் போ, பிள்ள தேடும்."

அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமா டீச்சர்?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் படவில்லை. "இல்லடி" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவள் பைக்குள் கைவிட்டு விரலில் குத்தும் ஊசியை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்தாள்.