அறுபது வரை எண்ணுகிறவள்

எங்கள் வெந்நீர்க் குளியல் நிலையத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எங்கே வலியோ அதுவே பெயர். இடுப்பு வந்தாச்சா, தோள்பட்டையை ஏன் இரண்டு நாளாகக் காணோம் என்றுதான் விசாரித்துக்கொள்வோம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். குனிந்து குனிந்தே வளைந்துபோன என் பெயர் கழுத்து. வலி எதுவும் இல்லாமலே பெயர் வாங்கியவள் ஒருத்திதான். அவள் அறுபது.

மண்ணுக்கடியிலிருந்து சுடச்சுட வரும் தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் நிற்கும். லேசாகக் கந்தக நெடி அடிக்கும். பத்தடி தள்ளி, கிணறுபோல வட்டமாக, ஐந்து படி இறங்கினால் மார்பளவு ஆழத்தில் குளிர்நீர்த் தொட்டி. வெந்நீரில் பத்து நிமிடம், குளிர்நீரில் ஒரு நிமிடம், இப்படி மூன்று சுற்று. அந்த ஒரு நிமிடத்தை எண்ணுவதுதான் அவள் வேலை. ஆவியில் எந்தக் கடிகாரமும் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை. அதனால் ஒன்பது வருடமாகப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து வாயாலேயே எண்ணினாள்.

அந்த எண்ணிக்கையின்மேல் எனக்கு வெகுநாளாகவே சந்தேகம் உண்டு. ஒருமுறை, துடைத்த தரையில் நான் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்துவிட்டேன். அன்று அவளுடைய பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே ஒரு குடும்பம் குடிவந்து வீட்டைக் காலியும் செய்திருக்கலாம். ஆனால் யாராவது உதடு நடுங்க நின்றால் அவளுக்கு மனசு தாங்காது. எண்கள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடும். நாங்களும் கண்டுகொள்ளாமல் ஏறிவந்து மறுபடி வெந்நீரில் இறங்குவோம். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது! தோலெல்லாம் சுறுசுறுவென்று ஏறும், கழுத்து தன்னால் நிமிரும், அச்சகத்தில் யார் என்ன திட்டினார்கள் என்பதே மறந்துபோகும்.

அவளுடைய அக்கா புருஷன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு ஊன்றுகோலை விடவில்லை. முட்டி சரியாகிவிட்டது, இனி பயம் போனால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதரோ நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுபதுதான் கெஞ்சிக் கூத்தாடி அவரை இங்கே இழுத்துவந்தாள். நாங்கள் முட்டி என்று பெயர் வைத்தோம்.

முதல் நாள் குளிர்நீரில் எட்டு வரைதான் நின்றார். உங்க அக்காவைக் கட்டினது பத்தாதா, இது வேறயா என்று மச்சினியைத் திட்டிக்கொண்டே ஏறினார். பிறகு இருபது, நாற்பது என்று வளர்ந்து, நான்காம் மாதம் அறுபதைத் தொட்டார். வெந்நீரில் இருந்த நாங்கள் கைதட்டினோம். அடுத்த வாரம் ஊன்றுகோல் வீட்டோடு நின்றுவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அறுபது நிற்கிற காலுக்குக் கிளட்சை மிதிப்பது ஒரு வேலையா என்று எங்களிடம் பெருமையடித்தார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள். இறங்கும்போது பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து ஓடும். ஆவிக்கெல்லாம் மசியாதாம். அறுபதைத் துண்டு மடிக்கும் அறைக்கு மாற்றப்போவதாகவும் சொல்லியிருந்தார்கள். கடிகாரம் மாட்டிய அன்றும் அவள் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். முட்டி பொத்தானை அழுத்தி இறங்கினார். அறுபது என்று அவள் சொன்னதும் ஏறுவதற்காகத் திரும்பினார். எதிரே முப்பத்துநான்கு என்று எரிந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெந்நீரில்கூட இறங்காமல் துண்டைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். நான் பிழை பிடித்தே பிழைக்கிறவன். இந்த ஒரு பிழையை யாரும் பிடித்திருக்க வேண்டாம்.

ஒரு வாரம் ஆள் வரவில்லை. வேன் ஓட்ட முடியாது என்று போன் செய்துவிட்டாராம். ஊன்றுகோல் கைக்கு வந்தது, நாற்காலி சுவருக்குத் திரும்பியது. நடக்க வைத்ததும் நீதான், உட்கார வைத்ததும் நீதான் என்று அக்கா அழுதாளாம். மறுநாள் மாலை அறுபது அவர்கள் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "பாதி வழியில இறக்கிவிட்டுட்டு ஸ்டாப் வந்துடுச்சுன்னு சொல்லியிருக்க. நானும் நம்பி இறங்கியிருக்கேன்" என்றார்.

"ஏமாத்தணும்னு பண்ணல அத்தான். உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால நிறுத்தி எண்ண முடியல."

நீ எத்தனை நொடி நின்றிருக்கிறாய் என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் கால் விரலைக்கூட அந்தத் தண்ணீரில் நனைத்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள். அப்படியென்றால் நாளைக்கு நீ இறங்கு, நான் எண்ணுகிறேன் என்றார். குளிர்ந்த தண்ணீரைக் குடிக்கவே பயப்படுகிறவள் அவள். ஆனாலும் மனிதர் வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு வெந்நீரில் நானும் இடுப்பும் மட்டும் இருந்தோம். முட்டி ஊன்றுகோலோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள் வேலைச் சீருடையோடு பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினாள். அவர் கடிகாரத்தின்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

பழிவாங்கத்தான் வந்திருந்தார், சந்தேகமே இல்லை. ஒன்று சொல்லி மூக்கைச் சொறிந்தார், இரண்டு சொல்லி எங்களைப் பார்த்தார். பத்தில் அவளுக்குப் பல் கிட்டியது. பதினைந்தில் படிக் கம்பியைப் பிடித்த கை வெளுத்தது. பதினெட்டில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தாள். அதற்குமேல் அவர் குரல் ஓட ஆரம்பித்தது. முப்பதுகளை ஒரே மூச்சில் முடித்தார். ஐம்பத்தேழிலிருந்து நேராக அறுபதுக்குத் தாவினார்.

அவள் ஏறிவந்து, முகம் துடைக்க அந்தத் துண்டை இழுத்தாள். கடிகாரத்தில் நாற்பத்துமூன்று ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் பார்த்தோம்.

"வேணும்னு பண்ணல" என்றார் முட்டி. "வாய் தானா ஓடிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான் அத்தான்" என்றாள் அவள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது.

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார், சட்டையைக் கழற்றினார், பொத்தானை அழுத்தினார், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து படியும் இறங்கினார். கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, எண்ணு என்றார். அதுதான் ஓடுகிறதே என்றாள். அது பாட்டுக்கு ஓடட்டும், நீ எண்ணு என்றார்.

அவள் எண்ணத் தொடங்கினாள். இந்தமுறை அவசரப்பட நினைத்தாலும் முடியவில்லை, பற்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணும் தந்தியடித்து வெளியே வந்தது. இருபத்தொன்பது சொல்லும்போது கடிகாரம் முப்பத்துநான்கைத் தாண்டியிருந்தது. நான் இடுப்பின் கையைப் பிடித்துக்கொண்டேன், ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அவள் ஐம்பதில் இருந்தபோது கடிகாரத்தில் அறுபது வந்துபோயிற்று. முட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்து நின்றார்.

அறுபது என்றாள். அவர் திரும்பினார். எழுபத்திரண்டு.

பாதிப் படி ஏறி, முழங்கால் வரை நீரிலேயே நின்று அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். குளித்தவர் முகம்தானே, எதைத் துடைத்தார் என்று நான் ஆராயவில்லை. "ஏம்மா" என்றார், "இந்தத் தடவை ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுட்டியே."

ஊழியர்கள் வெந்நீரில் இறங்கக் கூடாது என்பது விதி. வாசலில் வந்து நின்ற மேனேஜர், வேறு வேலை ஞாபகம் வந்தவர்போலத் திரும்பிப் போய்விட்டார். சீருடையோடு அவளும் பின்னால் அவரும் இறங்கினார்கள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். கழுத்தளவு நீரில் அவள் கண் சொருகிப்போய், இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை என்று முனகினாள்.

"உன் போனைக் கொண்டுவந்திருக்கியா?" என்று அவர் கேட்டார். "வேனுக்கு வேற ஆள் பாத்துட்டாங்களான்னு கேக்கணும்."