சாது என்று சொல்லிக் கொடுத்த மீன்

எரிபெர்த்தோ யாரிடமும் முகத்துக்கு நேரே கசப்பான உண்மையைச் சொல்லமாட்டான். கெட்டவன் என்பதால் அல்ல, எதிரே இருப்பவர் முகம் வாடினால் அவனுக்குத் தாங்காது. வழுக்கை விழுந்தவனுக்கு முடி வெட்டிவிட்டு, "போன மாசத்துக்கு இப்ப கொஞ்சம் அடர்த்தியா இருக்கு" என்பான். அவனும் நம்பித் தலையைத் தடவிக்கொண்டே போவான். எங்கள் அகுவாதா ஊர்ச் சதுக்கத்தில் அவனுடைய முடிதிருத்தும் கடைக்கும் என் ரொட்டிக் கடைக்கும் நடுவே ஒரே சுவர். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். என் ரொட்டி கருகிப்போன நாளில்கூட, "இன்னிக்கு நல்லா மொறுமொறுன்னு இருக்கு, சோராய்தா" என்று சொல்லி வாங்கிப் போவான். இப்படிப்பட்டவனைத் திட்டவும் மனசு வராது, நம்பவும் முடியாது.

கடையில் நாற்காலிக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தான். ஐந்து குடம் கடல்நீர் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு ஜோடி கோமாளி மீனும் பாறை இடுக்கில் ஓர் இறாலும் அதில் குடித்தனம் நடத்தின. அங்கே ஒரு நாள் சுண்டுவிரல் அளவில் புதிதாக ஒரு மீனை வாங்கி விட்டான். கருநீல உடம்பில் மின்னும் புள்ளிகள். முடி வெட்டக் காத்திருந்தவர்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அதையே பார்த்தார்கள்.

வளர வளரப் புள்ளிகள் மங்கின, குணம் மட்டும் ஏறியது. முதலில் ஒரு கல்லைத் தன்னுடையது என்றது, பிறகு பாதித் தொட்டியை, பிறகு முழுவதையும். கோமாளி மீன்கள் ஒரு மூலையில் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒண்டிக்கொண்டு கிடந்தன. சாப்பிட வந்தால் துரத்தல், சும்மா இருந்தாலும் கடி. ஊரே தன் சொத்து என்று திரிந்த அதற்கு வாடிக்கையாளர்கள் மேயர் என்று பெயர் வைத்தார்கள்.

எரிபெர்த்தோ சும்மா இருக்கவில்லை. வயிறு நிறைந்தால் கோபம் தணியும் என்று இரட்டிப்பாகத் தீனி போட்டான். பாறைகளை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கினான், யாருடைய இடம் எது என்று யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று. அரை நாள் குழம்பித் திரிந்த மேயர் மறுபடி பட்டா போட்டுக்கொண்டது. பின்கழுத்தைக் காட்டும் கைக்கண்ணாடியைத் தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வைத்தான். அது உண்மையிலேயே வேலை செய்தது. தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே மேயருக்குப் பொழுது போக, மற்றவை நிம்மதியாகச் சாப்பிட்டன. வாடிக்கையாளர்களுக்குப் பின்கழுத்தைக் காட்டத்தான் கண்ணாடி இல்லை. காட்டாமலேயே "பிரமாதம்" என்று சொல்லி அனுப்பினான். சில நாளில் பிம்பமும் அதற்குச் சலித்துவிட்டது. கடைசியில் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் சல்லடைக் கூடையை வாங்கிப் போய், தொட்டிக்குள் தொங்கவிட்டு, மேயரை ஒரு வாரம் சிறையில் வைத்தான். வெளியே விட்ட அன்று மாலையே ஒரு கோமாளி மீன் செத்துக் கிடந்தது.

எங்கள் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு வண்டிக் கொட்டகையில் கூடுவார்கள். வேண்டாத மீனை ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து கைமாற்றுவது வழக்கம். அதில் ஒரு மரியாதை உண்டு. மீனின் குறையைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். எரிபெர்த்தோ டப்பாவைத் திறந்ததுமே மருந்துக்கடைக்காரி சிரித்தாள்.

"மேயரையா? அடுத்த தேர்தல்ல தோத்துட்டு வரச் சொல்லு, பாக்கலாம்."

யாரும் வாங்கவில்லை. அன்று அந்தக் கூட்டத்துக்கு வராதவர் ஒருவர் உண்டு, மொன்செராத்தே.

மொன்செராத்தேயின் மகளுக்கு ஞானத்தகப்பன் எரிபெர்த்தோ. அந்த உறவு வந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லாமல் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்த் தண்ணீர்க் குழாய் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் மொன்செராத்தே. தன் தொட்டிக்குக் கடைத் தூளைக் கரைத்து உப்புநீர் தயாரிக்க மாட்டார். படகில் போய், கரை தாண்டித் தெளிந்த இடத்தில் மொண்டு, துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் நாள்கணக்கில் இருட்டில் வைத்துத்தான் ஊற்றுவார். கண்ணில் புரை வந்து, சிகிச்சைக்கு முறை வரட்டும் என்று வீட்டிலேயே இருந்தார். அந்த மங்கலிலும் அவருக்குத் தெரிந்த ஒரு மீன் இருந்தது. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். கல்யாணப்பொண்ணு என்று பெயர். விரலை நீட்டினால் குகையிலிருந்து வந்து தின்னும். அதற்குத் துணையாக இரண்டு சிறு மீன்கள்.

எரிபெர்த்தோ டப்பாவோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"சண்டை கிண்டை போடுமா, கொம்பாத்ரே? என் கல்யாணப்பொண்ணு ரொம்ப பயந்தவ."

"சாது. பச்சைப்புள்ள மாதிரி."

பெரியவர் காப்பி போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்து நன்றி சொல்லி அனுப்பினார்.

முதலில் துணை மீன்கள் போயின. பிறகு கல்யாணப்பொண்ணு குகையைவிட்டு வெளியே வரவில்லை. ஆள் கிட்டே போனால் மேயர் தீனிக்காகக் கண்ணாடி ஓரம் வந்து நின்றுகொள்ளும், விலகினால்தான் வேலையைக் காட்டும். மங்கிய கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அதுவும் செத்து, உள்ளங்கையில் எடுத்தபோதுதான் துடுப்பு கந்தலாகியிருப்பதை விரலால் தடவி உணர்ந்தார். தண்ணீர் கெட்டால் துடுப்பு அழுகும். அவர் நினைத்தது அதைத்தான்.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு எரிபெர்த்தோவிடம் வந்தார்.

"உங்க மூக்கு நல்ல மூக்கு. கொஞ்சம் மோந்து பாருங்க. என் தண்ணியில எதாவது கோளாறா?"

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றால் தான் கொடுத்த மீன்தான் பொல்லாதது என்று ஆகிவிடும். எரிபெர்த்தோ மோந்து பார்த்தான். "லேசா ஒரு வாடை வருதோ என்னமோ" என்றான்.

அன்று என் கடைக்கு வந்தவன் ரொட்டி கேட்கவில்லை. கல்லாவின் மேல் கையை ஊன்றி நின்று எல்லாவற்றையும் கொட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மீனைத் தள்ளிவிட்டது ஒண்ணு. வாடை வருதுன்னு எந்த வாயால சொன்னே? அந்த மனுஷனுக்குத் தண்ணிதாண்டா கௌரவம்."

"அவர் முகத்தைப் பாத்துக்கிட்டு வேற எப்படிச் சொல்லுவேன்?"

"இப்பவே போய்ச் சொல்லித் தொலை."

"சொன்னா அந்த மீன் திரும்பி வந்துடுமா, சோராய்தா?" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் இரக்கப்படவில்லை.

அவன் போய்ச் சொல்வதற்குள் பெரியவரே அவன் கடைக்கு வந்துவிட்டார், கையில் அதே ஐஸ்கிரீம் டப்பாவோடு. பீப்பாய்களைக் கவிழ்த்துவிட்டாராம். தொட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டாராம்.

"ஊருக்கே தண்ணி விட்டவன் நான். ஒரு தொட்டித் தண்ணியைச் சுத்தமா வெச்சுக்கத் துப்பில்ல. என்கிட்ட தப்பிச்சது இது ஒண்ணுதான், பாவம். நீங்களே வெச்சுக்குங்க."

எரிபெர்த்தோ டப்பாவை வாங்கிக்கொண்டான். பரிகாரமாக அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். மிச்சமிருந்த கோமாளி மீனையும் இறாலையும் மருந்துக்கடைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, தொட்டி முழுவதையும் மேயருக்கே விட்டான். இனி இது யாரையும் கடிக்காது என்றான். வாய் திறக்கத் துணியாதவன் வேறென்ன செய்வான்?

கண் சிகிச்சை முடிந்து மொன்செராத்தே முதன்முறையாகச் சவரத்துக்கு வந்த சனிக்கிழமை, நான் எல்லோருக்கும் காப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். முகத்தில் நுரை பூசியபடி பெரியவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மேயர் தன்னந்தனியாக, அமைதியாக, பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு சாதுவா இருக்கான் பாருங்க" என்றார் அவர். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நல்ல தண்ணிக்கு வந்ததும் எப்படித் தெளிஞ்சுட்டான்."

எரிபெர்த்தோவின் கை நின்றுவிட்டது. கத்தி அவர் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவனை முறைத்தேன்.

"அவன் சாது இல்ல, கொம்பாத்ரே" என்றான். குரல் எழும்பவே இல்லை. "இங்கேயும் கொன்னான். யாரும் வாங்கல. உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னுதான் உங்ககிட்ட கொண்டுவந்தேன். கல்யாணப்பொண்ணைக் கடிச்சே கொன்னுருக்கான். அந்த வாடையும் பொய்."

மருந்துக்கடைக்காரியின் கணவன் காப்பியை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தான். கெட்ட வார்த்தை வரும், கை ஓங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தால் தடுக்கக்கூடாது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

மொன்செராத்தே தொட்டியிலிருந்து பார்வையை எடுத்தார். சுவர்க் கண்ணாடியில் எரிபெர்த்தோவின் முகத்தைத் தேடினார்.

"அப்போ என் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சா?"

"ரொம்ப நல்ல தண்ணி."

"சத்தமாச் சொல்லுங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

எரிபெர்த்தோ பெஞ்சைப் பார்த்துத் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். பெரியவர் கழுத்துத் துண்டை அவிழ்த்து நாற்காலியின் கையில் போட்டார். ஒரு கன்னத்தில் நுரையோடு, சதுக்கத்தில் எல்லோரும் பார்க்க, வீட்டை நோக்கி நடந்து போனார்.