ரோஜா கொளுத்திய ஊதுவத்தி

திண்டிவனத்தில் ரோஜா மெக்கானிக் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் பஞ்சரான வண்டிகள் மட்டுமே அவளை நம்பி வந்தன. மரக்காணத்து மீனவன் தென்னரசு அன்று தன் ஸ்போர்ட்ஸ் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"புது சைலன்சர் மாட்டிருக்கேன் அக்கா. விழுப்புரத்துல ரெண்டு கடையில டைட்டு வெச்சிக்கினு வந்தேன். படபடன்னு அடிக்கிற சத்தம் மட்டும் போவல."

சாமி படத்தருகே இருந்த ஊதுவத்தி ஒன்றை உருவிக் கொளுத்தி, ஓடும் இன்ஜினருகே பிடித்தாள். தென்னரசு செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான்.

"பூஜை இல்ல தம்பி. பொகை எங்க ஆடுதோ அங்கதான் லீக்கு."

இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் புகை சிதறியது.

"பின்னாடி போல்ட்டை எவன் மொதல்ல முறுக்குனது? பைப்பு கோணிக்கினு நிக்குது."

எல்லாவற்றையும் கழற்றினாள். குழாய் மூட்டில் புது கேஸ்கெட் வளையம் வைத்து, போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, இன்ஜின் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே பின்னால் வந்தாள்.

இன்ஜின் மறுபடி உறுமியது. கனத்த, சீரான உறுமல். அதே இடத்தில் இன்னோர் ஊதுவத்தியைக் கொளுத்தி நீட்டினாள். புகை நூல் பிடித்தாற்போல நேராக மேலே போனது.

ரோஜா நிமிர்ந்து, ஊதுவத்தியைத் தென்னரசின் கையில் கொடுத்தாள்.

"இப்போ கும்புட்டுக்கோ தம்பி."