சீற்றுக்கடியில் இருந்த போத்தல்

கொழும்பை விட்டு ஊரோடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு இடங்களைக் காட்டலாமென்று வாடகைக் காரில் நல்லூரிலிருந்து பருத்தித்துறைவரை ஆறுதலாகப் போகத் திட்டமிட்டேன். எங்கெங்கே இறங்குவதென்று பட்டியலும் எழுதினேன்.

சாரதி அதைப் பார்த்து, "இவ்வளவு இடத்திலையும் நிப்பாட்டேலாது அக்கா" என்றார். காரணம் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஒவ்வொரு இடத்திலும் புறப்படுமுன் சீற்றுக்கடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மறைத்துக்கொண்டு போய், காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து குனிவார். வாயைத் துடைத்தபடி வருவார். சண்டைக்காலத் தடையால் பெற்றோல் வராமல் காரே மண்ணெண்ணெயில் ஓடியதால் வேறு மணம் தெரியவில்லை. சாராயமேதான் என்று முடிவுகட்டினேன்.

மரமே இல்லாத வல்லை வெளியில் காற்று வாங்க நிறுத்தச் சொன்னேன். அவர் சற்றுத் தள்ளிப் போனதும் போத்தலைத் தெருவோரத்து உப்புத்தண்ணீரில் எறிந்தேன்.

தூரத்தில், தெருவில் கண்ட வாகனங்களைச் சுடும் ஆமி ஹெலிகொப்டர் இரைந்தது. சாரதி ஓடிவந்து சீற்றுக்கடியைத் தடவினார்.

"அண்ணை, குடிச்சுப்போட்டு ஓட வேண்டாம். அதை எறிஞ்சுபோட்டன்."

"ஐயோ அக்கா, அது பெற்றோல். ஒவ்வொருக்காலும் குழாயாலை உறிஞ்சி நாலு சொட்டு விட்டால்தான் இது ஸ்டார்ட் வரும். கிடைக்காத சாமான், ஆரும் தரச்சொல்லிக் கேப்பினம் எண்டு ஒளிச்சு வைச்சனான்."

பிள்ளைகளை இறுக்கி அணைத்தபடி நின்றேன். நல்லகாலம், மூடி இறுக்கமாக இருந்ததால் போத்தல் மிதந்தது. அவர் தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தார். கார் கிளம்பும்போது இரைச்சல் தலைக்கு மேல் வந்திருந்தது. பனைகள் அடர்ந்து மறைக்கும் பனங்கூடலுக்குள் நுழைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது எந்தக் காரில் ஏறினாலும் முதலில் பெற்றோல் போத்தலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்கிறேன். சாரதிமார்தான் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.